வெய்யிலில் காயவைத்த பற்றறிகள்

பற்றறிக்கு என்ன வரலாறு என்று கேட்பீர்கள். அரசர்களுக்கு வரலாறு இருக்கிறது, போர்களுக்கு இருக்கிறது, கோயில்களுக்கு இருக்கிறது. ரீவி ரிமோட்டுக்குள் கிடக்கிற விரல் அளவு சாமானுக்கு என்ன வரலாறு? 1990க்கும் 1995க்கும் இடையில் யாழ்ப்பாணத்தில் இருந்த யாரிடமாவது இதைக் கேட்டுப் பாருங்கள். சங்கிலியன் ஆண்ட வருடம் மறந்திருக்கும். பற்றறி மறந்திருக்காது.

திரும்பத் திரும்பச் சார்ச் பண்ணக்கூடிய பற்றறியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அது எப்படி வந்தது, எங்களுக்கு மிகத் தேவைப்பட்ட காலத்தில் ஏன் எங்கள் கைக்கு வரவில்லை, இப்போது கடைக்குக் கடை தொங்கியும் ஏன் எங்கள் சனம் அதைச் சரியாகப் பாவிப்பதில்லை என்பதுதான் விசயம். கொஞ்சம் இரசாயனம் வரும். பயப்பட வேண்டாம், நானும் அதைப் பாதியில் விட்டவன்தான்.

தடைப் பட்டியலில் ஒரு பொருள்

1990 ஜூனில் இரண்டாம் கட்டப் போர் தொடங்கியது. அந்த வருடத்தோடு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாமல் போனது. வடக்குக்குக் கொண்டுபோகக் கூடாத பொருட்கள் என்று ஒரு பட்டியலும் வந்தது. எரிபொருள், சீமெந்து, பசளை, சவர்க்காரம், மெழுகுதிரி என்று நீண்ட அந்தப் பட்டியலில் பற்றறியும் இருந்தது. இராணுவத் தேவைக்குப் பயன்படக்கூடிய பொருட்கள் என்பதுதான் தடைக்குச் சொல்லப்பட்ட காரணம். பற்றறியால் குண்டை வெடிக்க வைக்கலாம் என்பது பொய்யில்லை. ஆனால் பாம்பு கிடக்கிறதா என்று ரோச்லைற் அடித்துப் பார்த்துவிட்டுப் பங்கருக்குள் இறங்குவதற்கும் அதே பற்றறிதான் வேண்டும். நடுச்சாமத்தில் பிள்ளைப்பேற்றுக்கு ஆளைக் கூட்டிவருவதற்கும் அதுதான் வேண்டும். பட்டியல் எழுதியவர்கள் இதையெல்லாம் பிரித்துப் பார்க்கவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. வெளிச்சத்துக்கு வழி இருந்தது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, துளி மண்ணெண்ணெய் விட்டு, ஒரு சின்னத் திரி போட்டால் அது ஒரு வீட்டின் படிப்பு விளக்கு. ஆனால் றேடியோவுக்கு மண்ணெண்ணெய் ஊற்ற முடியாது. இரவு ஒன்பதேகாலுக்குப் பிபிசி தமிழோசை வரும். எங்கள் ஒழுங்கையில் நல்ல றேடியோ வைத்திருந்த வீடு ஒன்றுதான். அந்த வீட்டு விறாந்தையில் அந்த அரை மணித்தியாலம் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். அதில் பாதிப் பேருக்கு யாரோ ஒருவர் எங்கேயோ நின்றார்: கொழும்பில், வவுனியாவில், கிளாலிக் கடலில். செய்தி அவர்களுக்குப் பொழுதுபோக்கு அல்ல.

றேடியோக்காரர் செய்தி முடிந்த நொடியே நிறுத்திவிடுவார். பாட்டுக் கேட்பதெல்லாம் அனுமதி இல்லை. நிறுத்தியதும் பற்றறியைக் கழற்றித் துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைப்பார், நகை வைப்பதுபோல. வவுனியாவில் இருந்து வந்த ஒரு மாமி சேலை மடிப்புக்குள் நாலு பற்றறி மறைத்துக் கொண்டுவந்தா. சோதனைச் சாவடியில் நின்ற நேரம் தன்னுடைய நெஞ்சு அடித்த சத்தம் தனக்கே கேட்டதாம். நாலு பற்றறிக்காக.

பற்றறி இறங்கத் தொடங்கினால் ஊரில் எல்லாருக்கும் ஒவ்வொரு வைத்தியம் தெரியும். தகரத்தில் வைத்து வெய்யிலில் காயவைப்பது ஒன்று. அடுப்புச் சாம்பல் சூட்டில் புதைப்பது இன்னொன்று. பல்லால் கடித்து நெளிப்பவர்கள் இருந்தார்கள். ஆணியால் துளை போட்டு உப்புத் தண்ணீர் விட்டு மெழுகால் அடைப்பவர்கள் இருந்தார்கள். ஒன்றும் சரிவரவில்லை என்றால் செத்த பற்றறிகள் எட்டுப் பத்தை ஒரு பிளாஸ்ரிக் குழாய்க்குள் வரிசையாக அடுக்கி, இரண்டு முனையிலும் வயர் இழுத்து றேடியோவுக்குக் கொடுப்பார்கள். பத்துக் கிழவர்கள் சேர்ந்து ஒரு தேரை இழுப்பதுபோல அது கொஞ்சத் தூரம் ஓடும்.

இதையெல்லாம் நாங்கள் "சார்ச் ஏத்துறது" என்றுதான் சொன்னோம். உண்மையில் அது சார்ச் இல்லை.

நவச்சாரமும் நாகமும்

அந்தச் சிவப்பு எவரெடி பற்றறிக்குள் இருந்தது மிகப் பழைய சங்கதி. 1866 இல் ஜோர்ஜ் லெக்லாஞ்சி என்ற பிரெஞ்சுக்காரர் செய்த கலம். ஒரு பக்கம் நாகம், மறு பக்கம் காபன் கோலைச் சுற்றி மங்கனீசீரொட்சைட்டு, நடுவில் நவச்சாரக் கரைசல். ஆம், ஈயம் பூசுகிறவர்கள் பாத்திரத்தில் போட்டுப் புகை கிளப்புகிற அதே நவச்சாரம்தான். பெல்ஜியத்தின் தந்தித் துறை அதை எடுத்துப் பாவித்தது. 1880களில் ஜேர்மனியில் கார்ல் காஸ்னர் என்ற வைத்தியர் அந்தக் கரைசலைச் சிந்தாத பசையாக்கி, நாகத்தையே வெளிப் பாத்திரமாக்கினார். அதுதான் உலர் பற்றறி. அந்தக் கலத்துக்கு இடைக்கிடை ஓய்வு வேண்டும். தொடர்ந்து வேலை வாங்கினால் காபன் கோலைச் சுற்றி வேண்டாத பொருட்கள் சேர்ந்து வழியை அடைத்துவிடும். சும்மா விட்டால் அவை மெல்லப் பரவிப் போகும். சூடாக்கினால் இன்னும் வேகமாகப் பரவும், உள்ளே இருக்கிற தடையும் குறையும்.

வெய்யிலில் காயவைத்தால் நடந்தது இதுதான். நாங்கள் பற்றறிக்குள் புதிதாக எதையும் ஏற்றவில்லை. உள்ளே எடுக்க முடியாமல் மிஞ்சிக் கிடந்ததைச் சுரண்டி எடுத்தோம். உப்புத் தண்ணீரும் அப்படித்தான். காய்ந்துபோன பசையை ஈரமாக்கிக் கடைசிச் சொட்டைப் பிழிவது. கரைந்துபோன நாகத்தைத் திரும்ப நாகமாக்க வெய்யிலால் முடியாது. அதற்கு வெளியில் இருந்து மின்சாரம் எதிர்த்திசையில் போக வேண்டும். அப்படிக் கொடுத்தாலும் அந்த வகைப் பற்றறியில் நாகம் பழைய இடத்தில் சீராகப் படியாது. கொஞ்சம் எழும்பும், பிறகு ஊசி ஊசியாக வளரும், கடைசியில் ஒழுகும்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தச் சனம் முட்டாள்கள் இல்லை. காரணம் தெரியாமலே, கையில் இருந்த பொருளுக்குச் செய்யக்கூடிய உச்சத்தைச் செய்தார்கள். இந்தக் காரணங்களை நான் பின்னால் யாழ் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் இருந்த கொஞ்சக் காலத்தில்தான் விளங்கிக்கொண்டேன். 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை பூட்டப்பட்டதோடு அந்தப் படிப்பும் நின்றது. அது வேறு கதை.

மின்சாரம் வருவதற்கு முன் வந்த சேமிப்புக்கலம்

உண்மையாகச் சார்ச் பண்ணக்கூடிய முதல் நல்ல பற்றறி லெக்லாஞ்சியின் கலத்துக்கும் முந்தியது. 1859 இல் பரிசில் கஸ்ரோன் பிளான்ரே இரண்டு ஈயத் தகடுகளை நடுவில் ஒன்றை ஒன்று தொடாமல் துணி வைத்துப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, சல்பூரிக் அமிலத்துக்குள் இறக்கினார். மின்சாரத்தைச் செலுத்தினால் வாங்கி வைத்துக்கொண்டது. கேட்டபோது திருப்பித் தந்தது. திரும்பச் செலுத்தினால் திரும்ப வாங்கியது. மோட்டார் வாகனங்களில் எஞ்சினை ஸ்ரார்ட் செய்கிற ஈயப் பற்றறி அந்தப் பரம்பரைதான்.

ஆனால் 1859 இல் அதை எதனால் சார்ச் பண்ணுவது? வீட்டுக்கு மின்சாரம் இல்லை. நல்ல டைனமோ இல்லை. வேறு சாதாரணக் கலங்களை வரிசையாக வைத்து, அவற்றைத் தீர்த்துத்தான் பிளான்ரே தன்னுடைய கலத்தை நிரப்பினார். சேமித்து வைக்கப் பெட்டி இருக்கிறது, போட்டு வைக்கக் காசு இல்லை. 1870களில் கிராம் என்பவரின் டைனமோ பரவியபிறகுதான் அந்தப் பெட்டிக்கு ஒரு பொருள் வந்தது. 1881 இல் கமில் ஃபோர் ஈயத் தகட்டில் ஈய ஒட்சைட்டுப் பசை பூசிக் கொள்ளளவைக் கூட்டினார். அதன்பிறகு தொழிற்சாலைகள் எடுத்துக்கொண்டன.

இந்த இடத்தை வாசித்தபோது எனக்கு எங்கள் ஊர்ச் சைக்கிள்தான் ஞாபகம் வந்தது. பற்றறி வைத்தியம் எல்லாம் தோற்றபிறகு யாழ்ப்பாணத்தில் என்ன செய்தார்கள் தெரியும்தானே? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவை ரயரில் முட்டவைத்து, ஒருவன் பெடலைக் கையால் சுற்ற, றேடியோ பாடியது. டைனமோ தருவது ஆடலோட்டம், றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். பழுதான றேடியோக்களில் இருந்து கழற்றிய டயோட் நாலை வைத்து அதையும் சமாளித்தார்கள். சுற்றுகிறவன் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரல் தேயும். "டேய் சுத்தடா, சுத்தடா" என்று விறாந்தை முழுக்கக் கத்தும். நானும் சுற்றியிருக்கிறேன். செய்தி ஒன்றும் காதில் ஏறாது, கைதான் நோகும்.

கையில் பணம் இருந்தவர்கள் மோட்டார்சைக்கிள் பற்றறியையோ கார்ப் பற்றறியையோ பாவித்தார்கள். ஜெனரேற்றர் வைத்திருந்த கடையில் கொடுத்துச் சார்ச் ஏற்றிக் கொண்டுவருவார்கள். அமிலம் குறைந்தால் மழைத் தண்ணீர் பிடித்து வைத்து விடுவார்கள். எங்கள் கைக்கு எட்டிய ஒரே உண்மையான சார்ச் பற்றறி அதுதான். 1859 இல் கண்டுபிடித்தது.

கைக்கடக்கமாக மாறியது

ஈயப் பற்றறி பாரமானது, அமிலம் சிந்தும். ரோச்லைற்றுக்குள் போட முடியாது. 1899 இல் சுவீடன்காரர் வால்டெமார் யுங்னர் நிக்கலும் கட்மியமும் வைத்து ஒரு சேமிப்புக்கலம் செய்தார். அதே காலத்தில் அமெரிக்காவில் எடிசன் நிக்கலும் இரும்பும் வைத்து மின்சாரக் காருக்கு என்று ஒன்றைச் செய்தார். இரண்டும் பெரிய பெட்டிகள். இடைக்கிடை தண்ணீர் விட வேண்டும், வாயு வெளியேற வழி வைக்க வேண்டும்.

அந்த வாயுதான் பெரிய சிக்கல். எந்தச் சேமிப்புக்கலமும் நிறைந்தபிறகு தொடர்ந்து மின்சாரம் கொடுத்தால், அது உள்ளே இருக்கிற தண்ணீரை ஒட்சிசனாகவும் ஐதரசனாகவும் பிரிக்கத் தொடங்கும். இறுக்கி மூடிய தகரத்துக்குள் இது நடந்தால் வெடிக்கும். 1947 இல் ஜேர்மனியரான ஜோர்ஜ் நொய்மான் இதற்கு வழி கண்டார். பாட்டுக்காரர்கள் முன்னால் நிற்கிற நொய்மான் ஒலிவாங்கி இருக்கிறதே, அதே நொய்மான்தான். கட்மியப் பக்கத்தை வேண்டியதைவிடப் பெரிதாக வைத்தால், கலம் நிறையும்போது முதலில் ஒட்சிசன் மட்டும் வரும். அந்த ஒட்சிசன் மறுபக்கம் போய்க் கட்மியத்தோடு சேர்ந்து அடங்கிவிடும். ஐதரசன் வருகிற கட்டத்துக்கே போகாது. இப்படித்தான் மூடிய, சிந்தாத, தண்ணீர் விடத் தேவையில்லாத சார்ச் பற்றறி வந்தது. 1961 இல் பிளாக் அன் டெக்கர் கம்பெனி வயர் இல்லாத துளைக்கும் மெசினை இந்தப் பற்றறியோடு விற்றது. பிறகு சவர மெசின், பல்துலக்கி, விளையாட்டுக் கார் என்று வீட்டுக்குள் நுழைந்தது.

வீடு என்றால் மின்சாரம் இருக்கிற வீடு. இதை மறக்கக்கூடாது. சார்ச் பற்றறியின் விலை சாதாரணப் பற்றறியைப்போலப் பல மடங்கு, அதற்குச் சார்ஜர் வேறு வேண்டும், சார்ஜருக்குச் சுவரில் பிளக் வேண்டும். சுவரில் மின்சாரம் இருப்பவனுக்குப் பற்றறி அவ்வளவு முக்கியமில்லை. மின்சாரம் இல்லாதவனுக்குத்தான் பற்றறி உயிர். அவனால் சார்ச் பண்ண முடியாது. பிளான்ரேயின் பிரச்சினைதான், நூறு வருடத்துக்குப் பிறகும்.

கட்மியத்துக்கு இன்னொரு முகமும் இருந்தது. அது நஞ்சு. யப்பானில் தொயாமா மாகாணத்தில் ஜின்சு ஆற்றங்கரைச் சனம் எலும்பு நொறுங்கி, "வலிக்குது வலிக்குது" என்றே பெயர் வைக்கப்பட்ட நோயால் துடித்தது. இத்தாய் இத்தாய் என்றால் அதுதான் கருத்து. சுரங்கத்தில் இருந்து ஆற்றில் கலந்த கட்மியம் வயலுக்குப் போய்ச் சோற்றுக்குள் வந்தது. 1968 இல் யப்பான் அரசு அதை ஒப்புக்கொண்டது. அது பற்றறியால் வந்த நோய் இல்லை. ஆனால் குப்பைக்குள் எறிகிற ஒவ்வொரு கட்மியப் பற்றறியும் அதே உலோகத்தை மண்ணுக்குள் விடுகிறது என்ற பயம் அதன்பிறகு வளர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 இல் சட்டம் போட்டு, 2008 இல் இருந்து வீட்டுப் பாவனைப் பற்றறிகளில் கட்மியத்தைத் தடை செய்தது. வயர் இல்லாத ஆயுதங்களுக்குக் கொடுத்திருந்த விலக்கும் 2016 முடிவோடு போனது.

அதே வருடங்கள்

இனி நான் சொல்லப்போவது எனக்கு இன்னும் ஒரு மாதிரி இருக்கிற விசயம்.

கட்மியத்துக்குப் பதிலாக, ஐதரசனை உறிஞ்சி வைத்திருக்கிற ஒரு கலப்புலோகத்தைப் போட்டால் என்ன என்று பல வருடங்களாக ஆராய்ச்சி நடந்தது. அப்படி வந்ததுதான் நிக்கல் உலோக ஐதரைட்டுப் பற்றறி. அது சந்தைக்கு வந்தது 1990ஐ ஒட்டி. லித்தியம் அயன் பற்றறியைச் சொனி கம்பெனி விற்கத் தொடங்கியது 1991 இல். கைத்தொலைபேசி, மடிக்கணினி என்று உலகத்தையே மாற்றிய இரண்டு பற்றறியும் பிறந்தது நாங்கள் எவரெடியைத் தகரத்தில் காயப்போட்ட அதே வருடங்களில். யப்பானில் ஒருவர் புதுப் பற்றறியைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். வட்டுக்கோட்டையில் ஒருவர் பழசைக் கடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் ஒரே கேள்விதான்: இதை எப்படி இன்னும் கொஞ்ச நேரம் ஓட வைப்பது?

1994 இல் ஆட்சி மாறியபிறகு தடை ஓரளவு தளர்ந்தது. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே எழும்பி நடந்தது. அந்த இரவில் யாரிடம் நல்ல ரோச்லைற் இருந்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை. அநேகமாக யாரிடமும் இல்லை.

சரி, திரும்பப் பற்றறிக்கு வருவோம். ஐதரைட்டுப் பற்றறியில் நஞ்சு குறைவு, கொள்ளளவு கூட. ஆனால் ஒரு குறை இருந்தது. சும்மா வைத்தாலே இறங்கும். ஒரு மாதத்தில் கால்வாசி வரை போய்விடும். 2000களின் தொடக்கத்தில் டிஜிற்றல் கமெரா வாங்கியவர்களுக்குத் தெரியும். கலியாண வீட்டுக்குப் போய்க் கமெராவை எடுத்தால், போன கிழமை சார்ச் பண்ணிய பற்றறி செத்திருக்கும். "சார்ச் பற்றறி சரிவராது" என்ற பெயர் அப்போது வந்ததுதான், இன்னும் போகவில்லை.

2005 நவம்பரில் சன்யோ கம்பெனி எனலூப் என்ற பெயரில் புதுவகையை விட்டது. ஒரு வருடம் சும்மா கிடந்தாலும் 85 வீதம் மிஞ்சும் என்று சொன்னார்கள். கடையில் வாங்கும்போதே சார்ச்சோடு வந்தது. பிறகு சன்யோ பனசொனிக் கைக்குப் போனது, மற்றக் கம்பெனிகளும் இதே வகையைச் செய்யத் தொடங்கின. என் கணக்கில் வீட்டுச் சார்ச் பற்றறி உண்மையில் உருப்பட்டது 2005 இல்தான். பிளான்ரேயில் இருந்து எண்ணினால் 146 வருடம்.

குசினி லாச்சிக்குள்

2008 இல் நான் சுவிஸ் வந்தேன். அன்றில் இருந்து உணவகக் குசினிதான். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்குக் குசினி என்றால் நெருப்பும் கத்தியும். உள்ளே நிற்பவனுக்குத் தெரியும் எத்தனை பற்றறி என்று. இறைச்சிக்குள் குத்துகிற வெப்பமானி, தராசு, நேரம் பார்க்கிற மணி, கை நீட்டினால் சவர்க்காரம் துப்புகிற பெட்டி, சுவர் மணிக்கூடு. நான் வேலை செய்த ஒரு இடத்தில் லாச்சி நிறைய அல்கலைன் பற்றறி கிடக்கும். வெப்பமானி மங்கினால் இரண்டையும் எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டுப் புதுசு போடுவார்கள். ஒருநாள் கூட வேலை செய்கிற தம்பி சார்ஜர் ஒன்று வாங்கிவந்தான். நல்ல எண்ணம். ஆனால் அதைச் செருகியது அவனுக்குக் கிட்டவாக இருந்த பிளக்கில், அதாவது போறணைக்கு மேலே. மூன்று மாதத்தில் பற்றறிகள் செத்தன. "பாத்தீங்களா அண்ணை, உது வேலைக்கு ஆகாது" என்றான்.

பற்றறி பாவம். ஆகவே காரணத்தோடு கொஞ்சம் சொல்கிறேன்.

முதலாவது கணக்கு. விரல் பற்றறியில் 2000 மில்லியம்பியர் மணி என்று போட்டிருக்கும். பழைய மலிவு சார்ஜர் 200 மில்லியம்பியர் கொடுத்தால் பத்து மணித்தியாலம் போதும் என்று நினைப்போம். போதாது. கொடுப்பது முழுவதும் உள்ளே தங்காது, ஒரு பங்கு சூடாகப் போகும். 14 முதல் 16 மணித்தியாலம் வேண்டும். அந்தச் சார்ஜர் தானாக நிற்காது, நீங்கள்தான் கழற்ற வேண்டும். நல்ல சார்ஜர் தானே நிற்கும். கலம் நிறைந்ததும் அதன் வோல்ற் சில மில்லிவோல்ற் கீழே விழும். அந்தச் சிறு சறுக்கலையும் ஏறுகிற சூட்டையும் பார்த்துத்தான் நிறுத்துகிறது. பற்றறிக்குச் சார்ச் ஏற்றத் தெரிந்தது 1859 இல். சரியான நேரத்தில் நிறுத்தத் தெரிய இன்னும் நூறு வருடத்துக்கு மேல் எடுத்தது.

இரண்டாவது சூடு. சார்ச் முடிகிற நேரம் இளஞ்சூடு வருவது இயல்பு. ஆனால் ஏற்கெனவே சூடான இடத்தில் வைத்தால் கலம் சார்ச்சைச் சரியாக வாங்காது, சார்ஜருக்கும் அது நிறைந்ததா இல்லையா என்று பிடிபடாது. போறணை, ஹீற்றர், வெய்யில் படுகிற யன்னல் மூன்றும் வேண்டாம். வெய்யில் வைத்தியம் இந்தப் பற்றறிக்கு நஞ்சு. எங்கள் வயதுக்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொல்ல வேண்டும்!

மூன்றாவது சோடி. ஒன்றாக வாங்கியதை ஒன்றாகப் போடுங்கள், ஒன்றாகச் சார்ச் பண்ணுங்கள். நாலில் ஒன்று கிழடு என்றால் அது முதலில் வெறுமையாகும். மற்ற மூன்றும் நிற்காமல் மின்சாரத்தை அதற்குள்ளால் தள்ளும். அதன் முனை தலைகீழாக மாறும், அதோடு அது முடிந்தது. பிள்ளையின் விளையாட்டுக் கார் மெதுவாகினால் அங்கேயே நிறுத்திக் கழற்றுங்கள். குழாய்க்குள் பத்துச் செத்த பற்றறி அடுக்கியபோது உள்ளே நடந்ததும் இதுதான், ஆனால் அவை ஏற்கெனவே செத்தவை, அதனால் நட்டம் இல்லை.

நாலாவது "முற்றாக இறக்கிப்போட்டுத்தான் ஏற்ற வேண்டும்" என்ற கதை. இது கட்மியப் பற்றறிக் காலத்து அறிவுரை. செய்மதிகளில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு இறங்கி ஒரே அளவு ஏறிய பற்றறிகள் அந்த அளவையே பழகிக்கொண்டதைக் கண்டுபிடித்தார்கள். அதில் இருந்து வந்த பேச்சு. இப்போதைய ஐதரைட்டுப் பற்றறிக்கு அது பெரிதாகத் தேவையில்லை. பாதியில் ஏற்றலாம்.

ஐந்தாவது 1.2 வோல்ற். சாதாரணப் பற்றறியில் 1.5 என்று இருக்கும், இதில் 1.2. குறைவு என்று நினைத்துச் சனம் வாங்காது. ஆனால் 1.5 என்பது புதுப் பற்றறியின் முதல் நாள் வோல்ற். பாவிக்கப் பாவிக்க அது 1.2, 1.1 என்று வழுக்கிக்கொண்டே போகும். சார்ச் பற்றறி கிட்டத்தட்ட முடியும்வரை 1.2 இல் நிற்கும். பெரும்பாலான சாமான்களுக்கு அது போதும். சுவர் மணிக்கூடு, ரிமோட் போன்ற வருடக்கணக்கில் சொட்டுச் சொட்டாகக் குடிக்கிறவற்றுக்கு அல்கலைன் போட்டால் குற்றமில்லை. புகை அறிவிப்பானுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டும் போடுங்கள். லித்தியம் பற்றறியை ஐதரைட்டுச் சார்ஜரில் ஒருநாளும் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும். அல்கலைனையும் வைக்காதீர்கள், ஒழுகும்.

செலவையும் பார்த்துவிடுவோம். விரல் பற்றறி ஒன்றை நிரப்ப, வீணாகப் போவதையும் சேர்த்தால் ஏறக்குறைய ஐந்து வற் மணி. ஒரு யூனிற் மின்சாரத்தில் இருநூறு தரம் நிரப்பலாம். அந்த இருநூறு தரத்துக்குச் சுவிசில் ஒரு கோப்பிக் காசு போகாது. எறிகிற பற்றறி இருநூறு வாங்க என்ன முடியும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

இருந்தும் இல்லாமலும்

சுவிசில் பற்றறி விற்கிற கடை எல்லாம் பழசைக் காசு வாங்காமல் திருப்பி எடுக்க வேண்டும். கழிவகற்றும் காசை நாங்கள் வாங்கும்போதே விலையோடு சேர்த்துக் கட்டிவிடுகிறோம். சேர்கிறவற்றைப் பேர்ண் மாநிலத்தில் விம்மிஸ் என்ற ஊரில் உருக்கிப் பிரிக்கிறார்கள். நாகம் நாகமாக வெளியில் வருகிறது. வெய்யிலால் முடியாதது அங்கே உலையில் முடிகிறது. ஆனாலும் உருக்கிப் பிரிப்பதைவிட ஒரே பற்றறியை இருநூறு தரம் பாவிப்பது எவ்வளவோ நல்லது.

எங்கள் சனம் சிக்கனம் தெரியாத சனம் இல்லை. சோற்றை வீசாது, பையை மடித்து வைக்கும், ஐஸ்கிறீம் பெட்டியில் மிளகாய்த்தூள் போடும். பற்றறி மட்டும் எப்படித் தவறியது என்று யோசித்திருக்கிறேன். எனக்குத் தோன்றுகிற பதில் இது. அந்த ஐந்து வருடத்தில் பற்றறிக்காக அவ்வளவு கெஞ்சியவர்களுக்கு, இங்கே வந்து கடையில் இருபதை ஒன்றாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பதைக் கண்டதும் அதை எண்ணாமல் பாவிப்பதே ஒரு விடுதலையாக இருந்தது. ஒரு வயதான ஐயா வீட்டில் அலுமாரித் தட்டு முழுக்கப் பிரிக்காத பற்றறி அடுக்கிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். பாதி காலாவதியானவை. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

அதனால் யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே எங்களிடம் மனம் இருந்தது, பொருள் இருக்கவில்லை. இங்கே பொருள் இருக்கிறது. அந்தத் தடைப் பட்டியலை எழுதியவர்களுக்கு ஒரு பற்றறியின் பெறுமதி தெரிந்திருந்தது. வாங்கி வைத்திருக்கிற எங்களுக்கும் அது தெரிய வேண்டும்.

நாலு பற்றறி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்து நிறுத்துகிற ஒரு சார்ஜர். தொடங்க இவ்வளவும் போதும். வாங்கும் அன்றைக்கே பற்றறியில் பேனையால் திகதியைப் போட்டு வையுங்கள், சோடி மாறாது. ஐந்து வருடத்தால் எடுத்துப் பாருங்கள், அநேகமாக அது இன்னும் வேலை செய்யும்.